மஞ்சளுக்கு அடியில்

மாமா,

லாரியை ஓரங்கட்டினதும் இதைப் படிங்க. போன்ல பேசினா உங்க அக்காவுக்குக் கேட்கும், அதனாலதான் எழுதறேன்.

குழலிக்குக் காய்ச்சலோட உடம்பெல்லாம் சிவப்பாப் பொரிஞ்சதும், உங்க அக்கா மார்டள்ளியில இருந்து வந்துட்டாங்க. ஆத்தா வந்திருக்குதுன்னு வாசல்ல வேப்பிலை செருகிட்டாங்க. மருந்து கூடாது, பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாதுன்னாங்க. நீங்களும் 'அக்கா சொல்றபடி கேளு'ன்னு போனை வெச்சுட்டீங்க.

ஆனா இது அம்மை மாதிரியே இல்லீங்க. அம்மைன்னா நீர் கோத்த கொப்புளம் வரும். இவ முதுகைத் தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரங்குது. நாக்கு கோவைப்பழமாச் சிவந்து கிடக்குது. தொண்டை வலியில இளநிகூட இறங்க மாட்டேங்குது.

திருட்டுத்தனமா போட்டோ எடுத்து விஜயநகர் டாக்டருக்கு அனுப்பினேன். அக்கா அரைச்சுப் பூசின மஞ்சள்ல ஒண்ணுமே தெரியலையாம். "கர்க்கொண்டு பன்னி", கூட்டிட்டு வாங்கன்னு கன்னடத்துல சொன்னார். கூட்டிட்டுப் போனாத்தான் தொண்டையைப் பார்த்துச் சொல்லுவாராம். கிருமியா இருந்தா மருந்துக்குக் கேட்கும், விட்டா இதயம் வரைக்கும் போகலாம்னார்.

ஆத்தா மேல எனக்கும் பயம் இருக்குதுங்க. இவளுக்கு ஏதாச்சும் ஆனா, வாசப்படி தாண்டினதாலதான்னு ஊரே என்னைச் சொல்லும். நீங்களும் சொல்லுவீங்க.

அக்காவுக்கு ஒரு போன் போடுங்க. 'போயிட்டு வரட்டும்'னு ஒரு வார்த்தை போதும். ஆத்தா இருக்கிற வீட்டுக்குள்ள செருப்புப் போடக் கூடாதுதான். போட்டுக்கிட்டு, இவளை மடியில கிடத்திக்கிட்டு, வாசப்படிக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கேன்.

உங்க மகளோட அம்மா