பொங்கலுக்கு வாசல் கழுவியது

ஜனவரி 15, வியாழன். தைப்பொங்கல்.

காலையில் வாசலுக்கு முன்னால் நடைபாதையில் கிடந்த பனியை வழித்தேன். அதோடு நின்றிருக்கலாம். நல்லநாளென்று ஒரு வாளி சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அரைமணிக்குள் அது கண்ணாடிபோல உறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு மேரி அக்கா அதில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எண்பத்திரண்டு வயது. நாங்கள் ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு, ஈஸ்ட் ஹாமுக்கு வந்த வருடம், பனி வழிக்கத் தெரியாமல் நின்றபோது, எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிட்டவர்.

மகன் காதுக்குள் சொன்னான்: “அது கவுன்சில்ரை பாதையப்பா. ஆர் உங்களைக் கழுவச் சொன்னது? தண்ணி ஊத்தினதெண்டு வாய் திறந்தியளோ, கோட்டுக்கு இழுப்பினம்.”

ஆம்புலன்சில் ஏற்றும்போது அக்கா என் கையைப் பிடித்தார். “நீ வழித்துத்தான் வைத்திருந்தாய். நான்தான் பார்த்து நடக்கவில்லை. பிழை என்னுடையது, என்ன?” என்றார்.

நான் தலையாட்டினேன்.