நம் இருவரின் மூக்கு

ஆடுகோடி, பெங்களூர்
8-2-1998

அன்புள்ள பார்கவிக்கு,

உனக்குச் சில நிமிடம் பின்னால் பிறந்த லாவண்யா எழுதுவது. பெண் பார்க்க வந்த ஹரிஷ்குமாரை எனக்குப் பிடித்துவிட்டது. அவருடைய அத்தைக்குத்தான் என் மூக்கு பிடிக்கவில்லை. "மூக்கு மட்டும் கொடைமிளகா மாதிரி இருக்கு" என்று நம் வீட்டுக் கேசரியைத் தின்றுகொண்டே சொன்னார். அன்றிலிருந்து கண்ணாடி எனக்கு ஆகவில்லை. இங்கே பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒருவர் இருக்கிறார். ஏப்ரலில் கல்யாணம், அதற்குள் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். நீ நர்ஸ், உன் யோசனை வேண்டும். அப்பாவிடம் மூச்சு விடாதே.

உன்
லாவண்யா

வேலூர்
14-2-1998

அன்புத் தங்கைக்கு,

கொடைமிளகாய் என்றது என் மூக்கையும் சேர்த்துத்தான். கடிதத்தைப் படித்துவிட்டு உன் அத்தான் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லமாட்டேன். உனக்கே நெடுநாளாக உறுத்தியிருந்தால் லீவு போட்டு வந்து பக்கத்தில் உட்காருவேன். ஆனால் போன மாதம் வரை இந்த மூக்கைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லையே. வீக்கம் முழுக்க வடிய ஒரு வருஷம்கூட ஆகும், ஏப்ரல் நடக்காது. டாக்டர் இதற்கென்றே படித்தவரா, எத்தனை மூக்கு செய்திருக்கிறார், சரியாக வராவிட்டால் என்ன செய்வார் என்று கேள். மயக்க மருந்தும் விளையாட்டில்லை. நினைத்தபடியே வரும் என்று சத்தியம் செய்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடு.

எனக்குக் கொஞ்சம் அழுகையாகவும் வருகிறது. நீ வேறு முகமாகிவிட்டால் நான் யாருக்கு ஜோடி?

பார்கவி

ஆடுகோடி
1-3-1998

அன்புள்ள அக்கா,

முதல்முறையாக அக்கா என்று எழுதுகிறேன், பெருமைப்பட்டுக்கொள்.

நீ சொன்னதையெல்லாம் டாக்டரிடம் கேட்டேன். நல்ல மனிதர். "யாருக்காகப் பண்ணிக்கிறீங்கம்மா? ஸ்வல்ப யோசனை பண்ணுங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். பக்கவாட்டில் எடுத்த படம் கேட்டார். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எங்கே வெட்டுவார் என்று காட்ட, மூக்கின்மேல் நீலப் பேனாவால் கோடு போட்டார். அப்போதுதான் புடவையைக் கவனித்தேன். அது உன் வளைகாப்பில் எடுத்த படம்.

"சார், எங்க அக்கா மூக்குல கை வைக்காதீங்க" என்று கத்திவிட்டேன். வெளியே இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவு அழகான மூக்கில் கோடு போட அவருக்கு எப்படி மனசு வந்தது என்று ஆட்டோவில் வரும்போதும் கோபம் தீரவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தனியாக நின்று சிரித்தேன்.

உடனே ஹரிஷ்குமாருக்கு போன் செய்தேன். மூக்கு இப்படியேதான் இருக்கும், சம்மதமா என்று கேட்டேன். "கட்டிக்கப் போறது நான்தானே, அத்தை இல்லையே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மேடையில மட்டும் உங்க அக்காவ ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்லுங்க, ஆள் மாறிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

உன் தங்கை
லாவண்யா