கீழே நிற்கிறவர்களின் பயம்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் பெரிய கப்பல் வந்து, அதைப் பார்க்க ஊரே கடற்கரைக்குப் போனதே, அந்த வருஷத்து மழையில்தான் நீ போனாய். அதற்குப் பிறகு எத்தனையோ கப்பல் வந்துவிட்டது. இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்று காலை மகன் எனக்கு ஒரு புதுக் குடை வாங்கி வந்தான். வாசலில் நின்று பொத்தானை அமுக்கினேன். படார் என்று விரிந்தது. கூடவே அந்த வாசனையும் வந்தது. மடித்துக் கிடந்த நைலான் துணி முதல் முறையாகக் காற்றுக் குடிக்கும்போது வருமே, அதே வாசனை. என் கை தானாக மேலே போய் இல்லாத கயிற்றைப் பிடித்தது. மருமகள் பார்த்துவிட்டாள். "என்ன மாமா, தலை சுத்துதா?" என்றாள். "இல்லம்மா, முழுசா விரிஞ்சிருச்சான்னு பாத்தேன்" என்றேன். அப்படியே குடையும் கையுமாக இரண்டு தெரு தாண்டி உன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரிதான் எழுதுகிறாள். பாறசாலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் கொச்சையாகச் சொன்னால் திருத்தி எழுதுவாளாம். பேச்சைத் திருத்து, நடந்ததைத் திருத்தாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"நீங்க சொல்லுதது தப்பா இருந்தா அண்ணே?"

"தப்பா இருந்தா அவன் மேல இருந்து கேட்டுச் சிரிக்கட்டும். நீ எழுது."

நாம் முதலில் பார்த்தபோது நமக்கு இருபது வயசு இருக்கும். நான் போனக்காடு எஸ்டேட்டில் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவன். தேயிலை மூட்டை தூக்கிக்கொண்டு கிடந்தவனைப் பட்டாளத்தில் சமையல்காரனாக எடுத்தார்கள். பாரசூட் பட்டாளம் என்றார்கள். எனக்கென்ன, குதிக்கிறவன் குதிக்கட்டும், நமக்கு அடுப்படி என்று நினைத்துத்தான் ரயில் ஏறினேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பட்டாளத்தில் சமையல்காரன், முடி வெட்டுகிறவன், துணி வெளுக்கிறவன், டாக்டர் எல்லோரும் குதிக்க வேண்டும். நான் அழாத குறையாக நின்றேன். நீ பக்கத்தில் வந்து சிரித்தாய்.

"பின்ன என்னலே? பட்டாளம் எறங்குத எடத்துலதானே பசிக்கும். நீ பஸ்சு பிடிச்சு வந்து எப்பம் சோறு பொங்க?"

ஆக்ராவில் முதல் குதிப்பு. விமானத்துக்குள் வரிசையாக எழுந்து நின்றோம். குதிக்கும் முன் ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்கிறவனின் முதுகைப் பார்க்க வேண்டும். பட்டை முறுக்கியிருக்கிறதா, கயிறு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் தோளில் ஒரு தட்டு. என் பின்னால் நீ. நீ நிதானமாக என் முதுகைத் தடவிப் பார்த்தாய். தோளில் தட்டினாய். அந்த இரைச்சலில் என் காதோடு வாய் வைத்துக் கத்தினாய்.

"எல்லாம் சரியா இருக்கு மக்கா! நாளைக்குச் சாம்பார்ல மட்டும் உப்பைக் கொற!"

சிரித்துக்கொண்டேதான் நான் வானத்தில் விழுந்தேன். அப்படி ஒருத்தன் இந்தப் பூமியில் விழுந்திருக்க மாட்டான்.

ஆனால் நான் கடமைக்குக் குதித்தவன். நீ ஆசைக்குக் குதித்தவன். எவ்வளவு உயரத்திலிருந்தும் குதித்து, கடைசி வரை விரிக்காமல் பருந்து மாதிரி வருகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டாய். திருவிழா, அணிவகுப்பு, விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் கொடி பிடித்துக்கொண்டு மேலிருந்து வருவீர்கள். மொத்தம் எத்தனை முறை குதித்தாய் என்று யார் கேட்டாலும் நீ சொல்ல மாட்டாய். "குதிச்சதை எண்ணாதே, எழும்பி நடந்ததை எண்ணு" என்பாய். பயமே இல்லை என்று எவனாவது மார்தட்டினால், அவனோடு நீ விமானம் ஏற மாட்டாய். "பயம் இல்லாதவன் கொக்கி மாட்ட மறந்திருவான். அவனுக்க பயத்தையும் சேத்து நான் பயப்படணும்" என்பாய்.

ஓய்வு பெற்று வந்து பேட்டையில் வீடு கட்டினாய். ஏர்போர்ட் பக்கத்தில்தான் வேண்டும் என்று அடம். சங்குமுகம் கடற்கரைப் பக்கமிருந்து விமானம் தாழ்ந்து வந்தால் காபியைப் பாதியில் வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடுவாய். அப்படிப்பட்ட நீ, முருங்கைக்காய் பறிக்க ஏணியில் ஏற மாட்டாய்! நாலாவது படிக்கு மேல் உனக்குத் தலை சுற்றும். கீழே நின்றுகொண்டு ஏணியைப் பிடிப்பாய், இப்போது எழுதுகிற இவள்தான் ஏறிப் பறிப்பாள். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எந்தா சேட்டா, பிளேனில் நின்னு சாடியவனு கோணி பேடியா?" என்று, விமானத்திலிருந்து குதித்தவனுக்கு ஏணி பயமா என்று மலையாளத்தில் கிண்டல் செய்தார். நீ கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"ஏணி தரையோட ஒட்டி நிக்குதுல்லா. ஒட்டி நிக்குததுதான் விழும். வானத்துல எதோட ஒட்டி நிக்குதோம்?"

துணி மடிப்பது உன் வேலை. அப்போது யாரும் பேசக் கூடாது. இவளுடைய சேலையைக்கூட நீ பாரசூட் மடிப்பதுபோலக் காற்றை எல்லாம் முழங்கையால் அமுக்கி வெளியேற்றி மடிப்பாய். கோவிலுக்கு உடுத்திப் போனால் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும் என்று இவள் தலையில் அடித்துக்கொள்வாள். (இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள்.) கோவில் என்று எழுதாதீங்க, சர்ச் என்று எழுதணும் என்கிறாள். எழுதுகிறவள் அவள்தான், என்னிடம் சண்டை.

குளியலறையில் நீ வழுக்கி விழுந்தது நினைவிருக்கிறதா? உன் வயதுக்காரர்கள் விழுந்தால் இடுப்பெலும்புதான் போகும். நீ காலைச் சேர்த்து, உடம்பைச் சுருட்டி, வாளியையும் தட்டிவிட்டு உருண்டு சோப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாய். நான் பதறிப் போய்க் கதவைத் தள்ளினால், "நல்ல லேண்டிங்" என்றாய்.

இத்தனை வருஷத்தில் நீ குதித்து ஒரு முறைகூட இவள் பார்த்ததில்லை. ஆக்ரா குவார்ட்டர்ஸில் பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருப்பார்கள். விமானச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். ஒருத்தியும் மேலே பார்க்க மாட்டாள். பார்த்தால் ஆகாது என்று எப்படியோ ஒரு வழக்கம். சத்தம் போய் வெகு நேரம் கழித்து, லாரி திரும்பி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் பேச்சு தொடரும். அதை நான் அடுப்படி ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். உனக்கு அது தெரியாது. நீ அப்போதெல்லாம் மேலே இருந்தாய்.

வெள்ளம் வந்து கேரளம் முழுக்கத் தண்ணீரில் நின்றதற்கு அடுத்த வருஷம், கொரோனா வருவதற்கு முன்னால், உனக்கு ஒரு போன் வந்தது. உனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் மைசூர் பக்கம் காசுக்கு ஆட்களைக் குதிக்க வைக்கிற இடம் நடத்துகிறார். "ஐயா, ஒருதடவை வாங்க" என்று கூப்பிட்டார். உனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அன்றையிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு தடவை. இவளோ முடியவே முடியாது என்றாள். ஒரு மாசம் வீட்டில் அதே பேச்சு. நான் வந்தால் என்னைப் பஞ்சாயத்துக்கு உட்கார வைப்பீர்கள். ஒரு நாள் இவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சரி, போலாம். ஆனா மொதல்ல நான் சாடுவேன். அதுக்குப் பெறவு நீங்க."

"நீயா? பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"என்னை விட்டுட்டு விட்டுட்டு எங்க போனீங்கன்னு எனக்கும் தெரியணும்லா?"

உன் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

மூன்று பேரும் மைசூர் வண்டி ஏறினோம். இவள் மீன் பொரித்துக் கட்டி வந்திருந்தாள். வழி முழுக்க நீ அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய், வாயை மூடு, காலைத் தூக்கு, கீழே பார்க்காதே. அவள் முள் எடுத்துக்கொண்டே, "நீங்க பக்கத்துல இல்லாமலே பிள்ளை பெத்தவ நான். இது தெரியாதா?" என்றாள்.

அங்கே பழகாதவர்களையும் வயசானவர்களையும் தனியாக விட மாட்டார்கள். குதிக்கத் தெரிந்த ஒருவர் பின்னால் இருப்பார், அவர் நெஞ்சோடு நம்மைப் பட்டையால் பிணைத்துவிடுவார்கள். பாரசூட் அவர் முதுகில். ஹரியானாக்காரர் ஒருவர் இவளுக்குப் பட்டை எல்லாம் மாட்டினார். சேலையை விட்டுவிட்டுத் தன் மருமகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நின்றாள். விமானம் புறப்பட இரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நீ நுழைந்தாய்.

"பெட்டி எங்க?" என்று கத்தினாய்.

நம் காலத்தில் பட்டை எல்லாம் நெஞ்சில் ஒரு வட்டப் பெட்டியில் வந்து சேரும். தரையில் இறங்கியதும் அதைத் திருகி ஒரு குத்துக் குத்தினால் எல்லாம் கழன்று விழும். இப்போது அந்தப் பெட்டியே கிடையாது, வேறு மாதிரி கொக்கி. ஹரியானாக்காரர் இந்தியில் சொல்லிப் பார்த்தார். உன் காதில் ஏறவில்லை. பெட்டி இல்லாத பட்டையை எவன் கட்டினான் என்று இவள் தொடைப் பட்டையை நீயே அவிழ்க்கத் தொடங்கிவிட்டாய். ஒன்றை அவிழ்த்தாய். மாட்டத் தெரியவில்லை. இன்னொன்றை அவிழ்த்தாய். அதற்குள் விமானம் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. அது மேலே போவதை நாம் நாலு பேரும் நின்று பார்த்தோம்.

இவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள்:

"இத்தனை வருசம் காக்க வச்சது போதாதா? இன்னும் காக்கணுமா?"

நீ தள்ளிப்போய் நின்றாய். நானும் வந்து பக்கத்தில் நின்றேன். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா மக்கா…" என்றாய்.

அடுத்த தடவை ஏறினாள். விமானம் சிறிதாகிக்கொண்டே போனது. எத்தனையோ முறை அதற்குள் இருந்தவன் நீ. இப்போது அண்ணாந்து பார்க்க உன்னால் முடியவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"நீ பாத்துச் சொல்லு."

"புள்ளி மாதிரி தெரியுது."

"விரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"இன்னும் இல்லியா? லே, நல்லாப் பாரு! கண்ணு தெரியுதா உனக்கு?"

"விரிஞ்சிருச்சு. சிவப்பும் மஞ்சளுமா விரிஞ்சிருச்சுடா."

நீ அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாய். உன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. நம் பட்டாளத்தில் உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அவள் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த வாக்கில் சறுக்கி வந்து இறங்கினாள். எழுந்து, சுடிதாரில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். நீ ஓடினாய். எழுபது வயசுக்காரன் ஓடுகிற ஓட்டமா அது! ஏதோ கேட்க வாயெடுத்தாய். அவள் முந்திக்கொண்டாள்.

"இதுக்கா நான் இத்தனை நாள் தீயத் தின்னேன்? மேல ஒரு பயமும் இல்ல. பயமெல்லாம் கீழ நிக்குதவங்களுக்குத்தான்."

நீ தலையை ஆட்டினாய். "இப்பம் தெரிஞ்சுது" என்றாய். பிறகு அவர்கள் கொடுத்த ஹெல்மெட்டை மேசையில் திரும்ப வைத்தாய். நீ குதிக்கப் போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. பார்த்துப் பார்த்து ஏங்கிய கடைசிக் குதிப்பு. அதை நீயே விட்டாய்.

"என்ன, போகலியா?" என்றாள்.

"வேண்டாம். உன்னைத் திரும்பக் கீழ நிக்க வைக்க எனக்கு மனசில்ல."

"கெளம்புங்க. எனக்கு இனிமே என்ன? மேல என்ன இருக்குன்னு நான் பாத்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க. நான் அண்ணாந்து பாக்கணும்."

"ஒருத்தன் நெஞ்சுல தொங்கிட்டு வாரதுக்கு நான் என்ன பார்சலா?" என்று நீ முரண்டு பிடித்துப் பார்த்தாய்.

"நான் பார்சலாத்தானே வந்தேன்? எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

நீ பார்சலாகவே போனாய். பட்டை எல்லாம் மாட்டிய பிறகு இவள் உன்னைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். சற்று முன் கற்றுக்கொண்டதுதான், ஆனால் பழகினவள் மாதிரி பார்த்தாள். உன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது கேட்டால், "யாரும் சொல்லல, தோணிச்சு" என்கிறாள்.

அன்றைக்கு அவள் மேலே பார்த்தாள். ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, மறு கையில் நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தோடு, நீ புள்ளியாக விழுந்ததிலிருந்து கால் பதித்தது வரைக்கும் பார்த்தாள். நடுவில் ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "அழகா வாராருல்லா அண்ணே?" என்றாள். அழகாகத்தான் வந்தாய்.

ஊருக்கு வந்த பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மீன் வாங்கப் போனாலும் சொல்லிவிட்டுப் போனாய். சாலை மார்க்கெட்டில் நேரமானால் உடனே போன் செய்தாய். "நான் ஓவர்பிரிட்ஜ் பக்கத்துல நிக்கேன், பஸ்சு கிடைக்கல" என்று நீ சொல்வதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். விமானம் தாழ்ந்து வந்தால் இரண்டு பேரும் முற்றத்தில் நின்று பார்த்தீர்கள். அந்தச் சில வருஷம் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் அதிகம். கடைசியிலும் நீ யாரையும் அலைக்கழிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி, மழை பார்த்தபடி போனாய்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் போன் செய்கிற பழக்கம்தான். விதுராவுக்குப் பஸ்சில் போனால் இறங்கியதும் மகனுக்குச் சொல்லிவிடுகிறேன். அவன் மழையில் ஸ்கூட்டரில் வர நேரமானால் வந்ததும் திட்டுவதில்லை. வாசலில் நின்றிருந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். இப்போது அவனும் போன் செய்கிறான். முந்தி எனக்கு இது தெரியாது. போகிறவனுக்கு வேலை இருக்கிறது, வழி இருக்கிறது. நிற்கிறவனுக்கு நிற்பது மட்டும்தான் இருக்கிறது.

ஆக்ராவில் நம்மோடு வரிசையில் நின்ற நம் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மைசூர்க்காரரும் போன வருஷம் போய்விட்டார். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், எனக்கு முட்டு இரண்டும் போச்சு, இருதயத்தில் குழாய் வைத்திருக்கிறது, என்னை எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். ஆனால் உன் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். இன்னொரு தடவை குதிக்கலாமா அண்ணே என்று இப்போதுதான் பேனாவை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள். நான் கீழே நிற்கிறேன், நீ போ என்றேன். யார் அது என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள், பெயரை எழுது என்றால், "எனக்க பேரு எதுக்கு?" என்கிறாள். எழுது தங்கச்சி. குதிக்க மிச்சம் இருக்கிறவள் நீதான். எழுது: தங்கபாய்.