கலுங்கு வாயில் என்ன இருந்தது

மேல் லயம், தேவிகுளம்
(இப்போது பள்ளிக்கூட முகாமிலிருந்து)
14-8-2025

அன்புத் தம்பி பாண்டிக்கு,

அக்கா சுருளியம்மாள் எழுதுவது. நானும் உன் மச்சானும் உயிரோடு இருக்கிறோம். மற்றதைப் படிக்கும்போது நீ பயந்துவிடக்கூடாது என்று அதை முதலில் எழுதிவிட்டேன். என் போன் தண்ணீரோடு போய்விட்டது. அடுத்தவர் போனை வாங்கிப் பேசினால் முகாமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. அதனால்தான் கடுதாசி.

சனிக்கிழமை மத்தியானம் ஓடை லயத்து வீடுகளுக்குள் வந்துவிட்டது. ரோட்டுக்கு அடியில் ஓடை போகிற கலுங்கு அடைத்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி நம் வாசல் பக்கம் திரும்பிற்று. உன் மச்சான் நிழல்மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய் நாலு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டதும், "நீ போ புள்ள, நான் கெடக்கேன்" என்றார். நான் எங்கே போவேன், சொல். கத்தினேன். கீழ் லயத்துக் கருத்தப்பாண்டி ஓடி வந்து அவரை முதுகில் போட்டுக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து கரையேற்றினார். அந்த மனுஷன் இல்லையென்றால் இன்றைக்கு நான் தாலியறுத்தவள்.

இப்போது பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். முதுகில் புண் வந்துவிட்டது. ஓணம் லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்தைக் காலி செய்யவேண்டும். ஓடை சரியாகிவிட்டது என்று எழுத்தில் வந்தால்தான் லயத்துக்குள் விடுவோம் என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. போன வருஷம் நீ இங்கே ஓவர்சீயராக இருந்தபோது மீன் ஏறுவதற்கென்று கலுங்குத் தரையில் படிபோலக் கல் பதித்தாய் அல்லவா, அதில்தான் சருகு மாட்டி அடைத்தது என்று லயம் முழுக்கப் பேச்சு. என் முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். ஓடையை மொத்தமாக வாரி நேராக்க வேண்டும் என்கிறார்கள். நீ ஏதாவது செய்.

உன் அக்கா,
சுருளியம்மாள்


கொல்லங்கோடு
20-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். மச்சான் சொன்ன வார்த்தையைத் தாண்டி மேலே படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கருத்தப்பாண்டி அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருக்கிறது. லீவு கேட்டேன். கோவிந்தாபுரம் பக்கம் ஒரு வாய்க்கால் கரை உடைந்து கிடக்கிறது, இப்போது விடமுடியாது என்றுவிட்டார்கள்.

அக்கா, கோபப்படாமல் கேள். நான் பதித்த கல் ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஆள் குனிந்து நுழையக்கூடிய கலுங்கை அது அடைக்காது. போன வருஷ மழை முழுக்க அதன் மேலேதான் ஓடிற்று. வேறு என்னவோ குறுக்கே நின்றிருக்கிறது. வெள்ளம் வடிந்தபிறகு கலுங்கு வாயிலிருந்து என்ன எடுத்தார்கள்? விசாரித்து எழுது. அது தெரிந்துவிட்டால், அதை நீக்கிவிட்டு ஞாயிறுதோறும் சருகு வாரினாலே போதும். அப்படித்தான் எழுதிக் கேட்பேன்.

ஓடையை வாரி நேராக்குவது வேறு சங்கதி. பாறையும் நாணலும் இருக்கிறதால்தான் தண்ணீர் முட்டி மோதி மெதுவாக இறங்குகிறது. அதையெல்லாம் எடுத்துவிட்டால் உன் வாசலில் தண்ணீர் நிற்காது, உண்மைதான். ஆனால் அவ்வளவும் ஒரே பாய்ச்சலில் கீழ் லயத்துக்குப் போகும். மீனும் தீர்ந்தது. எடவப்பாதி முதல் மழையில் கல்லொட்டியும் கெண்டையும் முட்டைபோட மேலே ஏறுமே, அந்த வேகத்தில் அவை ஏறாது. ஜூன் மாதம் நீதான் எனக்குப் போன் போட்டு, "தம்பி, உன் மீனெல்லாம் வரிசையா ஏறுதுடா" என்று சிரித்தாய். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் வேலை கிடைத்த அன்றுகூட இல்லை.

நான் கேட்டதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

உன் தம்பி,
பாண்டி


பள்ளிக்கூடம்
27-8-2025

பாண்டிக்கு,

மீன், மீன், மீன். நாலு பக்கம் எழுதினாய், உன் மச்சானின் புண்ணைப் பற்றி ஒரு வரி உண்டா? அது உள்ளங்கை அகலத்துக்கு ஆகிவிட்டது. ஈக்களை ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், கொழுந்து பறிக்கப் போகவில்லை. ஈரத்தரை, ஒரே அறையில் பதினோரு குடும்பம். ஒன்றுக்குப் போவதற்குக்கூட மற்றவர்களை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. நேற்று அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அன்றைக்கே விட்டிருக்கலாம் என்றார்.

மேலே இருந்து எஞ்சினீயர் வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான். கல் பதித்தது தவறு என்று பழைய ஓவர்சீயரே எழுதிக் கொடுத்தால் அவசர வேலையாகப் பத்து நாளில் ஜேசிபி அனுப்பலாம், இல்லையென்றால் பைல் சுற்றி வர மார்கழி ஆகிவிடும் என்று சொன்னார். அதற்குள் ஐப்பசித் துலாமழை வந்துவிடும். இந்தத் தடவை தண்ணீர் வந்தால் தூக்குவதற்கு இவர் உடம்பில் இடமில்லை. முதுகு முழுக்கப் புண்.

கொழுந்து பறித்து உன்னைப் படிக்க வைத்ததை இதுவரை ஒருநாளும் நான் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்லிக் காட்டுகிறேன். எழுதிக் கொடு, தம்பி. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

சுருளியம்மாள்


கொல்லங்கோடு
3-9-2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரிகளிடம் சரியாகக் கேட்காமல் கல் பதித்தேன், அதனால் கலுங்கு அடைத்தது, பொறுப்பு என்னுடையது என்று என் கையெழுத்தில். அடைத்தது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அப்புறம் மச்சானை நினைத்துக்கொண்டு எழுதினேன். மறுநாளே சஸ்பென்ஷன் தாள் வந்தது. விசாரணை முடியும்வரை ஆபீஸ் பக்கம் போகக்கூடாது.

வீட்டுக்காரர் சென்னிமலை காலையில் வந்து, "ஏனுங்க ஓவர்சீயர், ரண்டு நாளா ஊட்டுலயே இருக்கறீங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்றார். ஆமாங்க, காய்ச்சல் என்றேன். பன்னிரண்டு வருஷ சர்வீஸில் இதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை. வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஜேசிபி பதினைந்தாம் தேதி வரும். அதுவரை எஸ்டேட் கிளப் ஹாலில் இடம் கொடுக்கச் சொல்லி எஞ்சினீயரிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு காரியம் நீ செய்யவேண்டும். பெரிய பாறைக்குக் கீழே இருக்கிற மடுவைத் தொடவேண்டாம் என்று ஜேசிபிக்காரரிடம் சொல். அது இருந்தால் கொஞ்சம் மீனாவது பிழைக்கும். அதைவிட முக்கியம் இன்னொன்று. கனத்த மழை பிடித்தால் ஓடை ஓரத்து வீட்டுக்காரர்கள் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்று கீழ் லயத்தில் சொல்லிவை. இனி தண்ணீர் எப்போது வருகிறதென்று அவர்களுக்குத் தெரியாது.

கலுங்கு வாயில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. போகட்டும்.

உன் தம்பி,
பாண்டி


மேல் லயம்
24-9-2025

என் தங்கத் தம்பிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். உன் மச்சான் அவர் கட்டிலில் படுத்திருக்கிறார். புண் காய்கிறது. நேற்று ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். உன்னால்தான். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டாத நாளில்லை.

ஜோஜோ என்று ஒரு ஜேசிபிக்காரர் வந்தார். இரண்டே நாள். நாணல், பாறை, நீ பதித்த கல் எல்லாம் போய்விட்டது. இப்போது ஓடை ரோடுபோல நேராகக் கிடக்கிறது. மடுவைப் பற்றி ஓடிப்போய்ச் சொன்னேன். எஸ்டிமேட்டில் அப்படி இல்லையே சேச்சி என்று சொல்லிவிட்டு மூடினார். அள்ளிக் கொட்டிய சேற்றில் மீன் துள்ளிற்று. எல்லோரும் வாளியில் பொறுக்கினார்கள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ சொன்னதைக் கீழ் லயத்தில் அப்புறம் சொல்கிறேன். இப்போதுதான் ஆட்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள். வேலை நடந்த கையோடு ஆபத்து என்று போய் நின்றால் மறுபடி உன் பெயர்தான் அடிபடும். கொஞ்சநாள் போகட்டும். நீ சாப்பிடாமல் இருக்காதே.

உன் அக்கா,
சுருளியம்மாள்


மேல் லயம்
30-10-2025

பாண்டி,

கருத்தப்பாண்டி செத்துப்போனார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்தது. நம் வாசலில் ஒரு சொட்டு நிற்கவில்லை. கலுங்கு வழியாக இரைந்துகொண்டு போயிற்று. உன் மச்சான்கூடப் படுத்தபடியே, இந்தத் தடவை தப்பிச்சோம் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கால்மணி நேரத்தில் கீழே இருந்து கூச்சல் கேட்டது. ஓடை கரையை அறுத்துக்கொண்டு அவர் வீட்டுப் பின்சுவரோடு போயிருக்கிறது. அவர் பின்கட்டில் ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் எஸ்டேட் செக்போஸ்ட் பக்கத்தில் எடுத்தார்கள்.

நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவே இல்லை. ஒரு மாதம் இருந்தது எனக்கு.

இன்னும் இருக்கிறது. நீ கேட்டாயே, கலுங்கு வாயில் என்ன இருந்தது என்று. என் கொழுந்துப் பை இருந்தது. நைலான் வலைப்பை இரண்டைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து, ஜூலை மாதம் நான்தான் மேல்வாயில் கட்டினேன். மேலே ஏறிய மீன் முட்டைபோட்டுவிட்டுத் திரும்பி இறங்குமே, அப்போது பிடிப்பதற்குச் சில பேர் கீழே மீன்கூடு வைத்துக் காத்திருந்தார்கள். என் தம்பி மீனை யாரும் தொடக்கூடாது என்று கட்டினேன். மழை வலுத்தால் அவிழ்த்துவிடலாம் என்றிருந்தேன். அந்த வாரம் உன் மச்சானுக்குக் காய்ச்சல், மறந்துவிட்டேன். சருகும் கிளையும் அதில் வந்து அப்பிக்கொண்டது.

வெள்ளம் வடிந்ததும் கடப்பாரையோடு இறங்கி அதை எடுத்தவர் கருத்தப்பாண்டி. பையில் என் எஸ்டேட் செக்ரோல் நம்பர் பெயிண்டில் இருந்தது. சுருட்டி என் கையில் கொடுத்து, "இத எரிச்சிருங்க மைனி. யார்ட்டயும் வாயத் தொறக்காதீங்க" என்றார். நான் எரித்தேன். வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் முகாமிலிருந்து எங்களைத் துரத்திவிடுவார்கள், இவரை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் என்று பயந்தேன். நீ சர்க்கார் உத்தியோகக்காரன், தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். பாவி, அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று தேவிகுளம் ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வருகிற வழியில் கருத்தப்பாண்டி பெண்சாதி செல்வலட்சுமியிடமும் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமல், "எனக்குத் தெரியும்க்கா. அவரு அன்னைக்கே சொன்னாரு" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீயாவது திட்டி எழுது.

அக்கா


கொல்லங்கோடு
5-11-2025

அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மறுபடி விசாரணைக்கு வரச்சொல்லி ஆபீஸ் தாளும் வந்திருக்கிறது. வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

திட்டவில்லை. மீனைப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் சொன்னது நான். கீழ் லயத்துக்குச் சொல்ல வேண்டியதை உன் தலையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்ததும் நான்தான். கருத்தப்பாண்டி அண்ணனுக்கு நேரே ஒரு கார்டு போட்டிருக்கலாம். சஸ்பென்ஷனில் வீட்டில்தான் கிடந்தேன், பஸ் ஏறி வந்திருக்கலாம். அந்த வெட்கத்தில் நான் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

ஆனால் இரண்டு தடவை கேட்டேன், அக்கா. பைதான் அடைத்தது என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால், உன் பெயரை வெளியே விட்டிருப்பேன் என்றா நினைத்தாய்? வலையை நான் கட்டச் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். இதே சஸ்பென்ஷனை வாங்கியிருப்பேன். மச்சானும் வீட்டுக்கு வந்திருப்பார். ஒரு பாறையையும் யாரும் அசைத்திருக்க வேண்டாம். அண்ணன் ஆட்டை அவிழ்த்துவிட்டு உள்ளே போய்க் காபி குடித்திருப்பார். மூன்று நாளாக எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஒன்பதாம் தேதி பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறேன். கீழ் லயத்தில் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மேலே ஏற மாட்டேன். என்னால் முடியவில்லை. நீ அங்கே வந்தால் பெண்கள் பக்கம் இருந்துகொள்.

நான் வந்துபோனது மச்சானுக்குத் தெரிய வேண்டாம். கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல்.

சு. பாண்டீஸ்வரன்