மேல்கட்டிலில் ஒலிக்காத குரல்

என் சரவணண்ணா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. லீவு நாள்தானே, தூங்கட்டும் என்று தொழிலாளர் கேம்ப் அறையில் இருந்தவர்கள் உன்னை எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள். தூக்கத்திலேயே மாரடைப்பு என்று மத்தியானம்தான் எனக்குச் செய்தி வந்தது. அந்த நாளைப் பற்றி இன்னும் எழுத வரவில்லை. இப்போது எழுதுவது வேறு விஷயம். நீ இருந்திருந்தால் உன்னைத்தான் கேட்டிருப்பேன்.

இங்கே வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக மானிடவியல் துறையை எப்போதும் கிண்டல் செய்வாயே. "மனுஷனப் பத்திப் படிக்க காலேஜ் எதுக்கு? அல் கூஸ்ல எங்க ரூமுக்கு வா, எட்டுப் பேரு இருக்கோம்" என்பாய். வந்தேன், ரெக்கார்டரோடு. தொழிலாளர் அறைகளின் வாழ்க்கையை அவரவர் வாயாலேயே சொல்லச் செய்து பதிவு செய்துகொண்டிருந்தோம். நீயும் பேசினாய், சம்மதக் கையெழுத்தும் போட்டாய்.

இந்த வருஷம் எங்கள் துறை வகுப்பறையை விட்டு வெளியே வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தினோம். மாதம் ஒரு மாலை பொதுமக்களுக்காகக் கூட்டம், ஒரு தடவை தமிழிலேயே. அதற்கப்புறம்தான் கண்காட்சி. பல்கலைக்கழக அரங்கில் ஒரு கேம்ப் அறையையே கட்டினார்கள். இரண்டடுக்குக் கட்டில்கள், மறைப்புக்குத் தொங்கும் போர்வை, கொடியில் வேலை உடுப்பு. ஒவ்வொரு தலையணையிலும் ஒரு ஹெட்போன். மாட்டிக்கொண்டால் ஒரு தொழிலாளியின் பேச்சு கேட்கும். ஒரு மேல்கட்டிலுக்கு உன் பேச்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

துறைத் தலைவர் லீனா மேடம் நல்லவர். கையெழுத்து இருக்கிறதே என்றார். இருக்கத்தான் செய்கிறது, போட்டவன்தான் இல்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று பெரம்பலூருக்கு போன் செய்தேன்.

கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன். அண்ணி, "யார் யாரோ வருவாங்கல்ல?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"எனக்கே அதக் கேக்க இன்னும் தெம்பு வரல கல்பனா. எனக்கு முன்னாடி ஊரு கேக்க வேணாம்."

மேடம் வருத்தப்பட்டார், ஆனால் வாதாடவில்லை. உன் பதிவை எடுத்துவிட்டோம். அந்த ஒரு தலையணை மட்டும் வெறுமனே கிடந்தது.

முதல் நாளே நல்ல கூட்டம். ஒரு பெண் தன் குழந்தையை அந்தக் கட்டிலில் உட்கார வைத்துப் படம் எடுத்தாள். அவள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்கள் வாழ்க்கையைப் புரியவைக்கிறோமா அண்ணா, இல்லை, வேடிக்கை ஆக்குகிறோமா?

சாயங்காலம் பீர் பாய் வந்தார். உனக்குக் கீழ்க்கட்டிலில் படுத்த அதே கீழக்கரை பாய்தான். டூட்டி முடிந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். உன் குரல் இங்கே இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்றதும், ஏன் என்று சொன்னதும், முகம் வாடிவிட்டது.

"அவங்க சொன்னது நியாயம்தான் தங்கச்சி. ஆனா லீவுல போனத எல்லாம் சேத்தாலும் அவங்ககூட அவன் எத்தன நாளு இருந்திருப்பான்? இத்தன வருஷமா அவன் கொறட்டையக் கேட்டுத் தூங்குனவன் நான். எனக்கு ஒன்னும் கெடையாதா?"

அங்கிருந்தே அண்ணியைக் கூப்பிட்டு போனை அவரிடம் கொடுத்தேன். வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "கேக்கச் சொல்லிட்டாங்க. கேட்டுட்டு, என்ன பேசுனான்னு நான் அவங்களுக்குச் சொல்லணுமாம்."

என் அறையில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். ஏசி சண்டையைச் சொல்லியிருந்தாயே, பாய் ஏசியை அணைத்துவிட்டுக் கண் அசந்ததும் மறுபடி போட்டுவிடுவேன் என்று, அதைக் கேட்டுச் சிரித்தார். "கள்ளப்பய" என்றார். பேச்சின் கடைசிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "இந்த வருஷத்தோட கலாஸ், முடிஞ்சுது, ஊருக்குப் போயிரணும். போன வருஷமும் இதத்தான் சொன்னேன். அடுத்த வருஷமும் இதயேதான் சொல்லுவேன்னு நெனைக்கிறேன்."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவரே அண்ணியைக் கூப்பிட்டு ஏசி கதையைச் சொன்னார். அண்ணி சிரித்தது எனக்கும் கேட்டது. பிறகு ஏதோ கேட்டாள். பாய் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"சொன்னான்மா," என்றார் போனில். "இந்த வருஷம் வந்துர்றதாத்தான் சொன்னான்."

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அண்ணி ஒருநாள் மிச்சத்தையும் கேட்பாளே. அப்போது எங்கள் இருவரையும் என்ன நினைப்பாள்?

அண்ணி சம்மதிக்கும்வரை இந்தப் பதிவு வெளியே போகாது என்று மேடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளைக்கு அவர் பதவி மாறிப் போகலாம், என் வேலையும் முடியலாம். அதனால் ஒரு பிரதியை நானே லீவில் ஊருக்குக் கொண்டுபோகிறேன். அண்ணி எப்போது கேட்கிறேன் என்கிறாளோ அப்போது பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுவேன். அதுவரை அவளை அவசரப்படுத்த மாட்டேன். நீ பேசியதில் ஒரு வார்த்தையையும் வெட்ட மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
கல்பனா