கரும்புக்கொல்லையில் கிடைத்த அம்மன்

1949 மாசி 3, திங்கள்.
காலையில் நல்ல பனி. திருமானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தேன். கரும்பு நட உழுதபோது கிடைத்த வெண்கல அம்மன். முழங்கை உயரம். சோழர் காலம், சந்தேகமே இல்லை. மண்ணுக்கடியில் கிடைத்தது சர்க்காருக்கு. புது தேசத்தின் சரித்திரம் காட்ட மியூசியத்தில் தனி அறை, பீடம்கூடத் தயார். அம்மன் இல்லாமல் திரும்பாதே என்று மேலதிகாரி. துணைக்கு ஒரு சேவகனைக் கொடுத்திருக்கலாம்.

கொல்லைக்காரி பாப்பாத்தி. அம்மனுக்கு மஞ்சள் பூசி, பாவாடை கட்டி வைத்திருக்கிறாள். "எங்கூட்டுப் பொண்ணு சார். எங்க கூட்டிட்டுப் போறீங்க?" பின்னால் கரும்பு வெட்டும் ஆட்கள். கையில் அரிவாள். வேலையிலிருந்து அப்படியே வந்தவர்கள்தான். ஆனாலும் நான் வண்டிப் பக்கமாக நகர்ந்து நின்றேன்.

மாசி 4, செவ்வாய்.
தூக்கம் இல்லை. களி, இரண்டு வாய். நாட்டாண்மை முடிவு: நாளை அம்மனிடமே பூக் கேட்பது. வெள்ளை ஒரு பொட்டணம், சிவப்பு ஒரு பொட்டணம். குழந்தை எடுப்பது வெள்ளையானால் அம்மன் வரச் சம்மதம். சிவப்பானால் நான் நடையைக் கட்டணும். வேலையும் போகும்.

பொட்டணம் கட்டுவது நான். "நீங்க வெளியூரு. உள்ளூர்க்காரன் கட்டினா நாளைக்குப் பேச்சு வரும்" என்றார் நாட்டாண்மை.

மாசி 5, புதன்.
இரண்டிலும் நந்தியாவட்டையே வைத்தேன். செவ்வரளி எருக்குழியில்.

வெள்ளை வந்தது. பாப்பாத்தி வாய்விட்டு அழுதாள். வளையல், மஞ்சள், புதுப் பாவாடை, புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல. எனக்கு இளநீர். ஒருவரும் முறைக்கவில்லை. அதுதான் இன்னும் பயம்.

மற்றப் பொட்டணத்தை நான் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். "குடுங்க சார், அம்மன் முன்னால வெச்ச பூ. காலையில கொள்ளிடத்துல வுட்டுர்றேன்." பாப்பாத்தி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிரித்துப் பார்க்காமல் இருக்கணும் தாயே. யாரை வேண்டுகிறேன்? வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேனே, அவளைத்தான்.

மாசி 6, வியாழன். அரியலூர் ஸ்டேஷன்.
வெயில். ரயில் தாமதம்.

பாப்பாத்தி வந்துவிட்டாள். பின்னால் வண்டி வண்டியாக ஜனம். கையில் பிரித்த பொட்டணம். ஆனால் அவள் முகத்தில் கோபமே இல்லை.

"சார், நீங்க கட்டின சிவப்பை அம்மன் வெள்ளையா மாத்திப்புட்டா! இம்மாம் சக்தி உள்ளவள அனுப்புவோமா? குடுங்க பெட்டிய."

உண்மையைச் சொன்னால் அரிவாள். சொல்லாவிட்டால் அம்மன் போச்சு. ஒன்றும் தோன்றாமல் இந்த நோட்டை எடுத்தேன். ஏதோ சர்க்கார் காகிதம் எழுதுகிறேன் என்று எல்லோரும் கைகட்டிப் பொறுமையாக நிற்கிறார்கள். நிறுத்தினால் பதில் சொல்லணும். தூரத்தில் ரயில் ஊதுகிறது.