பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் சொந்தக்காரியான அத்தைக்கு,

கோமதி எழுதுகிறேன். உங்கள் மருமகளாக இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். அதில் ஒரு நாள்கூட உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்ததில்லை. அடுக்களையில் நின்று கத்தினால் கூடத்தில் இருக்கும் உங்களுக்குக் கேட்டுவிடும். இப்போது கத்தினால் கேட்காது என்பதால் எழுதுகிறேன். நாலு பேர் படிப்பார்களே என்ற வெட்கமெல்லாம் எனக்கில்லை. பாளையங்கோட்டையில் நம் தெரு முழுக்கக் கேட்ட சண்டைதானே இது.

முதலில் நல்ல செய்தி. உங்கள் பேரன் கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் பெயர் நிவேதா. தென்காசிக்காரி, பெங்களூரில் அவனோடு வேலை பார்க்கிறாள். ஐப்பசியில் முகூர்த்தம். உங்களுக்கு ஆடியில் முதல் வருஷத் திதி கொடுத்தாயிற்று. சாவு விழுந்த துஷ்டி வீட்டில் வருஷம் திரும்பும்வரை சுவரில் பிரஷ் வைக்கக் கூடாது என்று பொங்கலுக்குக்கூட அடிக்காமல் விட்டிருந்தோம். இப்போது கல்யாண வீடு, அடித்தே ஆக வேண்டும்.

களைப்பாக இருக்கிறது அத்தை. உங்களைப் படுக்கையில் வைத்துப் பார்த்த இரண்டு வருஷக் களைப்பே இன்னும் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. அதற்குள் பத்திரிகை, சேலை, மண்டபம், சமையல்காரர் என்று ஒன்று மாற்றி ஒன்று. வெள்ளையடிப்பு என்றால் சாமானை எல்லாம் வேறு இழுத்துப் போட வேண்டும். உங்கள் பீரோவை நகர்த்திய அன்று முழங்கால் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. வருகிறவர்கள், கல்யாண வீட்டுக்காரி சிரித்த முகமாக இருக்க வேண்டாமா என்கிறார்கள். சிரிக்கிறேன். சிரித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

பெயிண்டர் வேறு யாருமில்லை, நம் இசக்கிதான். அவன் வருஷா வருஷம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவன் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. வந்ததும் வராததுமாக, "யக்கா, கொடியேறிக் காப்புக் கட்டிட்டேன்னா பிரஷ்ஷத் தொட மாட்டேன் பாத்துக்கிடுங்க. அதுக்குள்ள கலரச் சொல்லிருங்க" என்றான். "ஆச்சி இருந்தா ஒரே பேச்சுல முடிஞ்சிரும். பச்சன்னா பச்சதான்" என்று வேறு சொன்னான்.

ஒரே பேச்சில் முடிந்துவிடும், நிஜம்தான். நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து தடவை பெயிண்ட் அடித்திருக்கிறோம். ஐந்து தடவையும் கூடம் பச்சை, அடுக்களை பச்சை, உங்கள் அறை பச்சை, எங்கள் அறையும் பச்சை. வந்த புதிதில் எங்கள் அறைக்கு மட்டும் ரோஸ் அடிக்கலாமா என்று பையக் கேட்டேன். "ஏளா, இது வீடா, சோப்பு டப்பாவா? பச்சதான் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று முடித்துவிட்டீர்கள். ஏன் ரோஸ் என்று கேட்டால் எனக்குக் காரணம் சொல்லத் தெரியாது. பிடிக்கும், அவ்வளவுதான். காரணம் சொன்னால்தான் தருவார்களா?

இந்த முறை உங்கள் திதி முடிந்த கையோடு இசக்கியிடம் கலர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். காலையில் வாசல் வெளிச்சத்தில் பார்ப்பேன், மத்தியானம் ஜன்னலோரம் பார்ப்பேன், விளக்குப் போட்ட பிறகு இன்னொரு தடவை பார்ப்பேன். ரோஸில் மட்டும் ஏழெட்டு இருக்கிறது. ஒன்றைப் பிடித்து, அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் சொருகி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே கார்த்தி போன் பண்ணினான். "அம்மா, கலரப் பத்தி நீ கவலையே படாத. நிவேதா எல்லா ரூமுக்கும் பாத்து வச்சிட்டா. வாட்ஸ்அப்ல அனுப்புதேன்" என்றான். அனுப்பினான். கூடத்துக்குச் சாம்பல். அடுக்களைக்குக் கொஞ்சம் வெளுத்த சாம்பல். அவர்கள் அறைக்குக் கருஞ்சாம்பல். ஒவ்வொன்றுக்கும் மேகம், பனி, பாறை என்று பெயர் போட்டிருந்தது. எனக்கு எல்லாம் அடுப்புச் சாம்பலாகத்தான் தெரிந்தது.

உங்கள் மகனிடம் காட்டினேன். "சின்னஞ்சிறுசுக ஆசப்படுது. உனக்கென்ன, பேசாம இரு" என்றார். உங்கள் காலத்தில், "வயசானவங்க ஆசப்படுதாங்க. உனக்கென்ன, பேசாம இரு" என்ற அதே மனுஷன்தான். இத்தனை வருஷத்தில் அவர் மாற்றியது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

நான் வந்தபோது சின்னவள், வாயைத் திறக்கக் கூடாது. இப்போது பெரியவள், விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் என் முறை எப்போது வந்தது, எப்போது போனது? நான் அடுக்களையில் இருந்த நேரத்தில் வந்துவிட்டுப் போயிருக்குமோ? கலர் அட்டையை எடுத்து அலமாரி மேல் போட்டேன். நிவேதா சொன்னபடியே அடி என்று இசக்கியிடம் சொல்லிவிட்டேன். மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

கூடம் முடிந்து எங்கள் அறைக்கு வந்தான். ஜன்னலுக்குக் கீழே ஓதம் ஏறி உப்பியிருந்த இடத்தைச் சுரண்டினான். பச்சைக்குள் பச்சை, அதற்குள் இன்னொரு பச்சை, அதற்கும் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ். "இது எப்பக்கா அடிச்சது?" என்று கேட்டான். மறந்துவிட்டான், பாவம். எனக்கு மறக்குமா?

கார்த்தி பிறந்த மறுவருஷம். வீடு முழுக்க அடித்து முடித்து எங்கள் அறை மட்டும் பாக்கி. நீங்கள் வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போய் இரண்டு நாள் தங்கினீர்கள். அந்த நேரம் பார்த்து இசக்கியைக் கெஞ்சி ரோஸ் அடிக்க வைத்தேன். நீங்கள் திரும்பி வந்து, இலைவிபூதி பையைக் கையில் பிடித்தபடியே அறை வாசலில் நின்று பார்த்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் இசக்கி பச்சை வாளியோடு வந்து நின்றான். நான் அடுக்களையில் நின்று அழுதேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அன்றைக்கு நீங்களே காபி போட்டு என் பக்கத்தில் வைத்தீர்கள். அதையும் பேசாமல்தான் செய்தீர்கள்.

இசக்கி இன்னும் சுரண்டினான். ரோஸுக்கு உள்ளேயும் பச்சை, எல்லாவற்றுக்கும் கடைசியில் வெறும் சுண்ணாம்பு. உங்கள் மகன் பேப்பரை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அது எங்க அப்பாவப் பெத்த ஆச்சி காலத்துச் சுண்ணாம்புலா. கலர் அடிச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு ஆச்சி கடைசிவரைக்கும் விடல்ல. அவ தவறின மறுவருஷந்தான் அம்மா மொத மொதல்ல பச்சை அடிச்சா" என்றார். சொல்லிவிட்டு, காபி இருக்கா என்று கேட்டார்.

ஏன் அத்தை, இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை? எத்தனை கோடைக்கு மாடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வற்றல் போட்டிருப்போம். ஊர்க்கதை எல்லாம் பேசினீர்களே, உங்கள் கதையை ஏன் விட்டீர்கள்? எத்தனை வருஷம் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்? சொல்லியிருந்தால் உங்கள் பச்சையை நான் வெறுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. வெறுத்திருப்பேன். கொஞ்சம் மரியாதையோடு வெறுத்திருப்பேன்.

மறுநாள் இசக்கி உங்கள் அறைக்கு வந்தான். கார்த்தி அனுப்பிய பட்டியலில் அது ஆபீஸ் ரூம். ஊருக்கு வரும்போது இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்க. அதற்கும் சாம்பல்தான். நான் காலி அறைக்குள் போய் நின்றேன். இரண்டு வருஷம் அந்தச் சுவரைப் பார்த்தபடிதானே படுத்திருந்தீர்கள். கடைசி மாசத்தில் ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது, "ஏளா, செவுரு அழுக்கா இருக்கு, அடிக்கச் சொல்லு" என்றீர்கள். "என்ன கலரு அத்தை?" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "இதென்ன கேள்வி, பச்சதான்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்து கரண்டிக் கஞ்சி போர்வையில் கொட்டிவிட்டது. நீங்களும் சிரித்தீர்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

"யக்கா, சாம்பலக் கலக்கிரட்டுமா?" என்றான் இசக்கி.

"வேண்டாம். இந்த ரூமு எனக்கு. ரோஸ் அடி" என்றேன். என் வாய்தான் சொன்னது. அலமாரி மேலிருந்த அட்டையை எடுத்து, டிக்கெட் சொருகிய பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். உங்கள் மகன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு கார்த்திக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

"உனக்கு எதுக்கும்மா தனி ரூம்?" என்று கேட்டான் உங்கள் பேரன். அவன் கெட்ட பிள்ளை இல்லை அத்தை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அடுக்களை இருக்கிறது, கூடத்தில் டிவி இருக்கிறது, அப்பா அறையில் கட்டில் இருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் எதற்கு ஒரு அறை? "படுக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் நிவேதா கூப்பிட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே வம்பா என்று நினைத்தேன். அவளோ, "அத்தை, கலரெல்லாம் என்னையே பாக்கச் சொல்லி நீங்க சொன்னதா கார்த்தி சொன்னான்லா. நீங்க சொல்லலையா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

"பொறவு ஏன் சும்மா இருந்தீங்க? தெனமும் பேசுதோம்லா. பிடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

அவளே, சரி எந்த ரோஸ் என்று போட்டோ அனுப்புங்கள் என்றாள். அனுப்பினேன்.

"ஐய, அத்தை, இது நல்லாவே இல்ல. மிட்டாய்க் கலரு. அதுக்கு அடுத்தாப்ல மங்கலா ஒண்ணு இருக்குல்லா, அதப் பாருங்க."

"எனக்கு இதுதான் வேணும்."

"வெயில் பட்டா கண்ணு கூசும்."

"கூசட்டும்."

"பொறவு எங்கிட்ட வந்து வருத்தப்படக் கூடாது."

"பட மாட்டேன்."

இருபது நிமிஷம் மல்லுக்கட்டினோம். வைக்கும்போது, "அத்தை, சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். போனை வைத்த பிறகு நெஞ்சில் ஒன்றும் கனக்கவில்லை. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த பேச்சிலேயே சாப்பாட்டைக் கேட்கிற பெண். நம்மில் ஒருத்திக்காவது அந்த வாய் இருந்திருக்கலாம்.

இசக்கி வேலையை முடித்துவிட்டுக் காப்புக் கட்டப் போய்விட்டான். உண்மையைச் சொல்கிறேன், மிட்டாய்க் கலர்தான். சாயங்கால வெயில் நேராக விழும்போது கண் கூசத்தான் செய்கிறது. போன வாரம் வந்த கார்த்தி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு" என்று பொய் சொன்னான். கம்ப்யூட்டர் மேசையைக் கூடத்து மூலையில் போட்டுக்கொண்டான். அந்தச் சாம்பலும் நினைத்த அளவுக்கு மோசமில்லை. நேற்று மத்தியானம் என் அறையில் கட்டிலைப் போட்டுப் படுத்து அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். எழுந்தபோதும் களைப்பு அப்படியேதான் இருந்தது. ஒரு தூக்கத்தில் போகிற களைப்பா இது?

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது இதைச் சொல்ல இல்லை. ஒரு வருஷமாக ஒன்று நெஞ்சில் கிடக்கிறது. உங்களை எடுத்துக்கொண்டு ஆண்கள் சிந்துபூந்துறைச் சுடுகாட்டுக்குப் புறப்பட்டதும், நாங்கள் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டோம். நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நிமிர்ந்தேன், எதிரே சுவர். 'இனிப் பச்சை இல்லை' என்று நினைத்தேன். உங்கள் வண்டி அப்போது தெருமுனைகூடத் திரும்பியிருக்காது. அதுவரை அழுதுகொண்டிருந்தவள்தான் நான், அது பொய்யழுகை இல்லை. இருந்தும் அந்த நினைப்பு வந்தது. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் இந்த ஒரு வருஷமும் உங்கள் படத்துக்கு நேரே நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

உங்கள் மாமியார் போன அன்று உங்களுக்கும் அப்படி வந்ததா? வந்திருந்தால் அதை யாரிடம் சொன்னீர்கள்? என்னைக் கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருத்தி ஆசைப்பட்டது நடக்க இன்னொருத்தி செத்துத்தான் ஆக வேண்டும் என்று இந்த வீட்டை வைத்திருந்தது நாம்தான். கேட்டால் கிடைக்காது என்று நானும், கொடுத்தால் போய்விடும் என்று நீங்களும்.

இனி நிவேதா வருவாள். இந்த அறையை ஒரு நாள் அவள் கேட்பாள், பிள்ளைக்கு என்றோ வேறு எதற்கோ. நான் லேசில் கொடுத்துவிட மாட்டேன். சண்டை போடுவேன், கத்துவேன், அவளும் கத்தட்டும். ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அத்தை. நான் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கும்போதே, நானே இசக்கியைக் கூப்பிட்டு, அவள் சொல்லும் கலரை அடிக்கச் சொல்வேன். என்னை எடுத்துக்கொண்டு போன பிறகு இந்த வீட்டைக் கழுவப்போகிறவள் அவள்தான். அன்றைக்கு அவள் சுவரை நிமிர்ந்து பார்க்காமல், எனக்காக மட்டும் அழட்டும்.

இதுநாள்வரை மருமகள், ஐப்பசி முதல் மாமியார்,
உங்கள் கோமதி